மூன்றாம் வருஷத்துப் பயிர்

செய்தி வந்தபோது பகல் பதினொன்றே முக்கால். தையல்நாயகி வீட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு நாற்றுத் தட்டைச் சாய்த்து, அடியில் இருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தது. வெள்ளையாக, தடியாக, சமைத்த சேமியாவைப் போல. இனி இதற்குத் தட்டு போதாது, வருகிற ஞாயிற்றுக்கிழமை நட்டுவிட வேண்டியதுதான் என்று அவள் நினைத்தபோது போன் அடித்தது.

சேதராப்பட்டு கம்பெனியில் அவள் கணவன் கன்னியப்பனோடு வேலை பார்க்கும் வெற்றிச்செல்வன் பேசினான்.

"அக்கா, அண்ணனுக்கு நெஞ்சு வலின்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டோம்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"நீங்க கெளம்பி வாங்கக்கா."

"வரேன். உயிரோட இருக்காரா, அத மட்டும் சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "இல்லக்கா."

தட்டை நிழலில் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணோடு பஸ் ஏறினாள்.

தையல்நாயகி பிறந்தது பிள்ளைச்சாவடியில், கடலுக்குப் போகிற குடும்பத்தில். அவள் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. சின்ன வயதிலேயே முதல் வரிசை வீடுகள் போய்விட்டன. அப்புறம் அவர்கள் தெருவில் ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஏதாவது ஒன்று போகும். ஒரு வருஷம் தென்னைமரம். ஒரு வருஷம் குளிக்கிற மறைவு. ஒருநாள் விடியலில் அடுப்படிச் சுவர். "எங்க அம்மா அடுப்பு கடலுக்குள்ளதான் கெடக்குது. மீனுங்க அதுல கொழம்பு வச்சித் தின்னுக்கினு இருக்கும்" என்று வேலை செய்யும் இடத்தில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். வீட்டார் பின்னுக்குப் பின்னுக்குப் போய் இரண்டு முறை குடிமாறினார்கள்.

பன்னிரண்டாவது முடித்ததும் கடற்கரைப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல்கட்டு வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே காய்கறி இறக்க வந்துகொண்டிருந்தவன்தான் கன்னியப்பன். சேதராப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். இருவரும் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வந்து, "கட்டிக்கிட்டோம். சோறு போடறவங்க போடுங்க" என்று நின்றார்கள். அவள் அம்மா அன்றைக்கே போட்டாள். மாமியார் போடக் கொஞ்ச காலம் ஆனது. போட்ட பிறகும் ஒரு குத்தல் இருந்தது. "மீன் கூடை தூக்கற கைக்கு மண்ணு எங்க தெரியும்?" ஊரில் நடவு என்றால் தையல்நாயகி வரப்பில் சோற்றுப் பாத்திரத்துக்குக் காவலாக உட்கார வேண்டும். ஒரு முறை இறங்கப் போனவளை, கணவனின் அண்ணன் ஆதிமூலம் சிரித்துக்கொண்டே தடுத்தார். "நீ எறங்கனா நாத்து நீந்திக்கினு போயிடும்மா." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மறக்கவில்லை.

கன்னியப்பனுக்குக் கம்பெனி வேலை கிடைத்து, முத்தியால்பேட்டையில் இந்தச் சின்ன வீட்டை வாங்கியபோது, பக்கவாட்டில் ஒரு நீள மனை சேர்ந்து வந்தது. மணல் கலந்த தரை. அவன் அதில் முருங்கை வைக்கலாம் என்றான். அவள் எதுவும் சொல்லாமல் பல வருஷம் வெறுமனே போட்டு வைத்தாள்.

அஸ்பராகஸ் என்கிற வெளிநாட்டுக் காயை அவள் கெஸ்ட் ஹவுஸில்தான் முதலில் பார்த்தாள். ஐஸ் பெட்டியில், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக வரும். பச்சைக் குச்சி, நுனியில் செதில் செதிலாக மொட்டு. அடித்தோலைச் சீவி, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, வெண்ணெய் ஊற்றிக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் அம்மாளை எல்லோரும் மதாம் என்பார்கள். புதுச்சேரிக்காரிதான், பாதி வயது பிரான்சில் கழித்தவர். அவர் அதை 'அஸ்பெர்ஜ்' என்பார். ஒருநாள் தோலைச் சீவிக்கொண்டே தையல்நாயகி கேட்டாள்.

"இது எப்படி மதாம் வெளையுது? மரமா, கொடியா?"

"தரையிலேர்ந்து நேரா முளைச்சு வரும். விதை போட்டா மூணு வருஷம் தொடக்கூடாது. அப்புறம் பதினஞ்சு வருஷம் அதே இடத்துல நின்னு குடுத்துக்கிட்டே இருக்கும். இடம் மாத்தினா கோவிச்சுக்கும்."

"பதினஞ்சு வருஷம் அதே எடத்துலயா?"

"ஆமா. ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு வராது தையல். அது குளிர் கேட்கிற பயிர்."

கடைசி வாக்கியம் அவள் காதில் விழவே இல்லை. பதினைந்து வருஷம் ஒரே இடத்தில் நிற்கிற ஒன்றைப் பற்றி அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தாள். இரவு கணவனிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"மூணு வருஷம் கழிச்சி ஒரு வெள்ளக்காரக் குச்சி. அதுக்குள்ள முருங்க ஒரு லோடு காய் குடுத்துடும்."

"முருங்கய யாரு வேணா வைப்பாங்க."

"உங்க மதாமே வராதுன்னு சொல்லிட்டாங்க."

"அவங்க வெதை போட்டுப் பாத்தாங்களா?"



மகள் கலைவாணி ஓசூரில் வேலையில் இருந்தாள். அவள்தான் போன் வழியாக விதை வரவழைத்துக் கொடுத்தாள். மிளகைவிடச் சின்னதாக, கறுப்பாக, கல் மாதிரி இருந்தது. முதல் பாக்கெட் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. ஊற்றிய தண்ணீர் அதிகம். இரண்டாவதை எறும்பு இழுத்துப் போனது. "மூணாவதும் போச்சுன்னா முருங்கதான்" என்றான் கன்னியப்பன். மூன்றாவது பாக்கெட்டைப் பொங்கல் கழிந்ததும் இளம் வெந்நீரில் ஊறப்போட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்து தட்டில் நிரப்பி, விரல் கணு ஆழத்தில் ஒவ்வொன்றாகப் புதைத்து, எறும்பு வராமல் நாலு பக்கமும் மஞ்சள்தூள் கோடு போட்டாள். நாட்கள் போயின. ஒன்றும் வரவில்லை. அவள் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ஒருநாள் விடியற்காலை கன்னியப்பன் வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு உள்ளே ஓடி வந்தான். பேச முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினான். மண்ணைக் குத்திக்கொண்டு ஒரு பச்சை ஊசி நின்றது. தலைமயிர் பருமன்தான் இருக்கும்.

அதிலிருந்து அவன் பல் தேய்க்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. பஸ்ஸைத் தவறவிட்டான். ஊசிகள் கிளைத்து, பூப்போல விரிந்து, கோழியிறகு மாதிரி ஆடின. ஆடி மாதத்து ஞாயிறுகளில் அவனே மனையில் நீளமாகப் பள்ளம் தோண்டினான். இந்தப் பயிருக்குப் பள்ளத்தின் அடியில் மண்ணை வரப்பு மாதிரிக் கூட்டி, அதன் மேல் வேரைக் குடை விரிப்பதுபோல் இரண்டு பக்கமும் பரப்பி உட்கார வைக்க வேண்டும். செடி வளர வளரத்தான் மண் தள்ள வேண்டும். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா கன்னியப்பா, செப்டிக் டேங்கா?" என்று கேட்டார். "வெள்ளக்காரனுக்குக் குழி வெட்டறோம்" என்றான் அவன்.

அவன் வெட்டி முடித்த அந்த வாரத்தில்தான் வெற்றிச்செல்வனின் போன் வந்தது.

சாவு வீட்டில் பெண்ணுக்கு ஒரு மூலை ஒதுக்குவார்கள். தையல்நாயகியை அதில் உட்கார வைத்தார்கள். ஊரிலிருந்து ஆதிமூலமும் அவர் மனைவி அமுதவல்லியும் வந்து வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். குறை சொல்ல முடியாது. வந்தவர்களுக்குக் காபி, அடுத்தநாள் பால் தெளிப்பு, பந்தல்காரன், மேளக்காரன் என்று எல்லாவற்றையும் ஆதிமூலம் ஒற்றை ஆளாக ஓடி ஓடிப் பார்த்தார். தம்பி செத்த துக்கத்தை வேலையில்தான் கரைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பின்னாடி தட்டுல இருக்கறதுக்குக் கொஞ்சம் தண்ணி தெளிக்கச் சொல்லுங்க" என்று தையல்நாயகி மட்டும் தினம் ஒருமுறை அமுதவல்லியிடம் சொல்வாள்.

"அதெல்லாம் உங்க மாமா பாத்துக்கினாரு. நீ கெட" என்பாள் அமுதவல்லி.

ஐந்தாம் நாள் மதியம், கொல்லைப்புறம் போன தையல்நாயகி தட்டுகளைப் பார்த்தாள். காலியாக, கழுவிக் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன.

"நாத்து எங்க?"

ஆதிமூலம் துண்டை உதறிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது. "சவுக்கு நாத்து முத்திப்போயி வேரு வெளிய வந்துடுச்சும்மா. இப்பத்திக்கு நட முடியாது. வீணாப் போவுதேன்னு பிடுங்கி, வேரு நுனிய நறுக்கி, கட்டா கட்டி, சேத்துல முக்கிச் சாக்குல சுத்தி வச்சிருக்கேன். ஒரு வாரம் தாங்கும். ஏம்மா, வூட்டு மனைல சவுக்கு எதுக்கு? கம்பு ஒசந்தா கரண்டு கம்பில இடிக்குமே."

அவர் ஊரில் யாரைக் கேட்டாலும் அது சவுக்கு நாற்று என்றுதான் சொல்வார்கள். அதே மெல்லிய பச்சை, அதே ஊசி இலை. சவுக்கு நாற்றைப் பிடுங்கி வேரை நறுக்கிக் கட்டு கட்டி விற்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்த கண்கள் அவை. அவர் செய்தது அத்தனையும் சரி, சவுக்காக இருந்திருந்தால்.

தையல்நாயகி சாக்கைப் பிரித்தாள். கட்டுகள் வரிசையாக, அழகாக, வாழைநாரால் கட்டப்பட்டிருந்தன. இலையில் பாதி பழுத்துவிட்டது. வெள்ளை வேர்கள் ஒரே அளவில் வெட்டுப்பட்டு, வெட்டின இடம் பழுப்பேறிக் கொழகொழத்தது. இந்தப் பயிர் தின்றதையெல்லாம் வேரில்தான் சேர்த்து வைக்கும். இன்னும் ஒரு நாள் அந்தச் சாக்கில் இருந்தால் மிச்சமும் அழுகிவிடும்.

அவள் அழவில்லை. ஐந்து நாளில் முதல்முறையாகக் குரல் உயர்ந்தது.

"கலை! தண்ணி புடிச்சினு வா."

முந்தானையைச் செருகிக்கொண்டு அவள் மனைப் பக்கம் நடந்தபோதுதான் பெண்களுக்குப் புரிந்தது. அமுதவல்லி குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னா பண்ற நீ? தீட்டு வூடு. பதினாறு முடியாம மண்ணத் தொடலாமா?"

"தொட்டா இன்னாக்கா ஆவும்?"

"பயிரு கருகிப் போவும்."

"சாக்குல கெடந்தா அழுகிப் போவும். கருகறது என் கையால கருகட்டும்."

"ஏன்டி, ஊரு பாத்துக்கினு நிக்குது. புருஷன் போயி இன்னும் ஈரம் காயல, நடவு கேக்குதா உனக்கு? நீ எந்தக் கையால நடப்போற? நடவுக்குச் சுமங்கலி கை வேணும். அது கூடவா தெரியாது?"

யாரோ ஒருத்தி, "கடல்காரப் பொண்ணு, அதுக்கு எங்க தெரியும்" என்று முணுமுணுத்தாள்.

தையல்நாயகி நின்றாள். கழுத்திலிருந்த தாலியை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து வெளியே போட்டாள்.

"இத எப்ப எறக்கறதா சொன்னீங்க?"

அமுதவல்லி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"சொல்லுங்கக்கா. நீங்கதான எல்லாம் தெரிஞ்சவங்க. எப்ப எறக்கணும்?"

"பதினாறாம் நாளு" என்றாள் அமுதவல்லி, மெதுவாக.

"இன்னிக்கு அஞ்சுதான் ஆவுது. அப்ப நான் இன்னும் சுமங்கலிதான? நீங்க போட்ட கணக்குதான், நான் போடல. பதினாறாம் நாளு வரைக்கும் இந்தக் கை உங்க சட்டப்படி நல்ல கை. அதுக்கப்புறம் நட்டாதான் குத்தம். வழி வுடுங்க."

பெண்களுக்குள் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆதிமூலம், "விடும்மா" என்று மனைவியிடம் சொன்னார்.

அடுக்களையில், பதினாறாம் நாளைக்கென்று அமுதவல்லி வாங்கி வைத்திருந்த மஞ்சள்தூள் இருந்தது. கடைசியாக ஒருமுறை பூசி, பூ வைத்து, பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிடுவதற்கான மஞ்சள். தையல்நாயகி அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, வெட்டுப்பட்ட ஒவ்வொரு வேர் நுனியையும் அதில் தொட்டுத் தொட்டு எடுத்தாள். கொழகொழத்துப் போனவற்றை ஒதுக்கினாள். பள்ளத்துக்குள் இறங்கி, கணவன் கூட்டி வைத்த வரப்பின் மேல் மிச்சமிருந்த வேர்களை விரித்து, மேலே மெல்ல மண் தூவினாள். கலைவாணி தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். அப்பா வெட்டிய பள்ளத்தைப் பார்க்காமல் அம்மாவின் கையை மட்டும் பார்த்தபடி ஊற்றினாள்.

மாடியிலிருந்தும் தெருவிலிருந்தும் ஆட்கள் பார்த்தார்கள். ஒரு சாவு வீட்டில் பெண் சேற்றில் குந்தி நாற்று நடுவதை முத்தியால்பேட்டை அதற்குமுன் பார்த்திருக்காது. பொழுது சாய்ந்தபோது அவள் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு காலைக் கழுவிக்கொண்டு தன் மூலையில் போய் உட்கார்ந்தாள். அன்று இரவுதான் வாய்விட்டு அழுதாள். பெண்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. அமுதவல்லி அவள் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் நடந்தது. தாலி இறங்கியது.

நட்டதில் பாதிக்கு மேல் பட்டுப்போனது. அமுதவல்லி ஊருக்குக் கிளம்பும் முன் பள்ளத்து ஓரம் நின்று பார்த்தாள். "பாத்தியா, தீட்டு காட்டிடுச்சு."

"தீட்டு இல்லக்கா, கத்தி."

சங்கடமாகச் சிரித்தபடி அமுதவல்லி கணவனைப் பார்த்தாள். ஆதிமூலம் காதில் விழாதவர்போலச் செருப்பைத் தேடினார். இரண்டு நாள் கழித்து அவர் டிவிஎஸ் வண்டியில் சவுக்குக் கம்புகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தெருவில் ஆடு அதிகம், வேலி போடு என்று சொல்லிவிட்டு, மனையைச் சுற்றிக் கம்புகளை அவரே ஊன்றினார். கடைசிக் கம்பை ஊன்றிய பிறகு பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது இன்னா பயிருன்னு சொன்ன?"

"அஸ்பராகஸ் மாமா."

"திங்கறதா?"

"மூணு வருஷம் கழிச்சி."

"மூணு வருஷமா!" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தம்பியும் இதுக்கு ஒத்துக்கினானா?"

"பள்ளம் அவருதான் வெட்டனாரு."

அவர் மறுபடியும் பள்ளத்துக்குள் குனிந்து பார்த்தார். தம்பியின் மண்வெட்டித் தடம் பக்கச் சுவரில் இன்னும் வரிவரியாகத் தெரிந்தது. காபி குடிக்காமலே போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் தையல்நாயகியின் தம்பி அன்பழகன் ஆட்டோவோடு வந்தான். காரியம் முடிந்தால் தாய் வீட்டார் வந்து பெண்ணை அழைத்துப் போக வேண்டும். அது முறை.

"கெளம்புக்கா. அம்மா சொல்லி அனுப்புச்சி. துணிய மட்டும் எடுத்துக்கோ."

"எந்த வூட்டுக்கு? நீங்களே மூணாவது எடத்துல குந்திக்கினு இருக்கீங்க. அடுத்த ஐப்பசிக்கு அதுவும் இருக்குமோ இன்னாவோ."

"வாயில நல்லதே வராதா உனக்கு? வராம இருந்தா ஊரு என்ன பேசும்? பொறந்த வூட்டு ஆளுங்க கை விட்டுட்டாங்கன்னு காறித் துப்புவானுங்க."

"நீ வந்த, கூப்பிட்ட, நான்தான் வரலன்னு சொன்னேன். அப்படியே போயிச் சொல்லு. எம்மேல துப்பட்டும்."

"ஒரே ஒரு மாசம்க்கா. தனியா இங்க இருந்துக்கினு என்ன பண்ணப் போற?"

"நாளைலேர்ந்து வேலைக்குப் போறேன். காலைல, சாயங்காலம் தண்ணி ஊத்தப் போறேன். ஒரு மாசம் நான் இல்லன்னா இங்க ஆடுதான் இருக்கும், பயிரு இருக்காது."

அன்பழகன் பள்ளத்தைப் பார்த்தான். காய்ந்த நாற்றுகளுக்கு நடுவே அங்கங்கே சில பச்சையாக நின்றன. "இந்தச் செத்த புல்லுக்காவா?"

"சாகாதது இருக்குதில்ல, அதுக்காவ. வெறுங்கையோட வந்து கூப்பிடறதுக்குப் பதிலா, பழைய வலை ஏதாவது கெடந்தா கொண்டாந்து இந்தக் கம்புல கட்டு."

"வலையா? ஆடு புடிக்கப் போறியா?"

"உன்னத்தான் புடிக்கணும். வேல சொன்னா ஓடிப் போயிடற."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அவனைக் காலி வண்டியோடு திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள் அவள் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனாள். மதாம் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிறகு, ஏதாவது பேச வேண்டுமே என்று, "அஸ்பெர்ஜ் என்னாச்சு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் நிக்குது மதாம்."

"இந்த வெயிலுல அதுக்கு மேல எதிர்பார்க்காதே."

"நீங்க மூணு வருஷம் கழிச்சி வந்து சொல்லுங்க" என்றாள் தையல்நாயகி. கத்தியை எடுத்துக்கொண்டு ஐஸ் பெட்டியைத் திறந்தாள். வெளிநாட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்து, அடித்தோலைச் சீவ ஆரம்பித்தாள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பள்ளத்தில் புதிதாக ஒரு முளை வந்தது. பென்சில் பருமன்கூட இல்லை. இரண்டு நாள் லீவில் வந்து, மறுநாள் ஓசூருக்குத் திரும்பவிருந்த கலைவாணி அதைப் போட்டோ எடுத்தாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, வெட்டிக் கொழம்பு வைக்கலாமா என்று கேட்டார். கை வச்சா கையை வெட்டிடுவேன் என்றாள் தையல்நாயகி. அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் விளையாடவில்லை.

அன்பழகன் பழைய வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மீன் வாடை தெருவெல்லாம் அடித்தது. மூன்று பக்கம் கட்டி முடித்து நாலாவது பக்கத்துக்கு வந்தபோது, காத்து மாறிடுச்சு, படகு எடுக்கறோம், வா என்று போன் வந்தது. நாளைக்கு வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினான். கிழக்குப் பக்கம், இரண்டு கம்புக்கு நடுவில், வலை இன்னும் கட்டாமல் தொங்குகிறது.